சைக்கிள் லைற்: பெட்டியில் எழுதியிருப்பதும் றோட்டில் எரிவதும்

போன இதழில் வயலுக்குச் சோலார் பம்ப் பூட்டுவது பற்றி எழுதும்போது, என்னுடைய சைக்கிள் லைற் மழையில் நின்றுபோனதையும் ஒரு வரியில் சொல்லியிருந்தேன். பம்பைப் பற்றி இரண்டே இரண்டு கடிதம், அந்த ஒரு வரிக்குத்தான் மிச்சம் எல்லாம். யோசித்துப் பார்த்தால் அதில் புதுமை இல்லை. ஏ9 றோட்டை விட்டு உள்ளே இறங்கினால் தெருவிளக்கு எண்ணி நாலு கூட இராது. ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள், வயல்காவலுக்குப் போகிறவர்கள், விடிய முன்னம் கரைக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் கையில் இருப்பது சைக்கிளும் ஒரு லைற்றும்தான். அதனால் இந்தமுறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: அண்ணை, நான் ஏ.எல். படிக்கிறேன். ரியூசன் முடிய இரவு ஏழரை ஆகும். அப்பா வாங்கித் தந்த லைற்றின் பெட்டியில் 1000 லுமென், 8 மணித்தியாலம், 2000 மில்லி அம்பியர் பற்றரி என்று இருக்கிறது. முழுக்க சார்ஜ் பண்ணினாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் மங்கிவிடுகிறது. பழுதான சாமானா, ஏமாத்திப் போட்டாங்களா?
*வாசகி, விசுவமடு*

தங்கச்சி, உங்கட லைற் பெரும்பாலும் பழுதில்லை. பெட்டியில் இருக்கிற எண்களை ஒன்றோடொன்று சேர்த்து வாசிக்க விடாமல் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பற்றரியைக் குளம் என்று நினையுங்கள். லுமென், அதாவது வெளிச்சத்தின் அளவு, துருசை எவ்வளவு திறக்கிறோம் என்பது. துருசை முழுக்கத் திறந்தால் வாய்க்கால் நிரம்பி ஓடும், குளமும் கெதியாக வற்றும். இந்தக் குளத்தின் அளவை நீங்களே கணக்குப் பார்க்கலாம். 2000 மில்லி அம்பியர் என்று சுருக்கி எழுதியிருப்பது 2000 மில்லி அம்பியர் மணி, அதாவது 2 அம்பியர் மணி. லித்தியம் பற்றரியின் சராசரி வோல்ட் 3.7. இரண்டையும் பெருக்கினால் 7.4 வாட் மணி. இவ்வளவுதான் உங்கட குளத்துத் தண்ணீர்.

இப்ப துருசுக்கு வருவோம். இன்றைய சைக்கிள் லைற்றுகளில் எல்ஈடியையும் அதை ஓட்டுகிற சின்னச் சுற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வாட்டுக்குக் கிட்டத்தட்ட 100 லுமென் கிடைக்கும். நல்ல சாமான் கொஞ்சம் கூடத் தரும், மலிவானது குறையத் தரும். அப்படியென்றால் 1000 லுமெனுக்கு 10 வாட் வேணும். 7.4ஐ 10ஆல் பிரியுங்கள், முக்கால் மணித்தியாலம் கூட வராது. மற்றப் பக்கமாகப் போங்கள்: 8 மணித்தியாலம் எரிய வேணும் என்றால் ஒரு வாட்டுக்கும் குறைவாகத்தான் செலவழிக்கலாம், அதில் 90 லுமென் வரும். ஆக 1000 லுமெனும் உண்மையாக இருக்கலாம், 8 மணித்தியாலமும் உண்மையாக இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே இரவில் நடக்காது. முதலாவது ஆகக்கூடிய வெளிச்சத்துக்கு உரியது, இரண்டாவது ஆகக்குறைந்த வெளிச்சத்துக்கோ, விட்டுவிட்டு மின்னுவதற்கோ உரியது.

இன்னொன்றும் இருக்கிறது. ரோச் லைற்றுகளுக்கு ஆன்சி எஃப்எல்1 என்று ஓர் அமெரிக்க நியமம் உண்டு. அதன்படி, எரியும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்திலொரு பங்காகக் குறையும் வரைக்கும் உள்ள நேரம். ஒழுங்கான நியமத்திலேயே கடைசி மணித்தியாலங்கள் மின்மினிப்பூச்சி வெளிச்சமாக இருக்க இடம் இருக்கிறது என்றால், எந்த நியமமும் போடாத பெட்டியை எப்படி வாசிக்க வேணும் என்று உங்களுக்கே விளங்கும்.

செய்யவேண்டியது இதுதான். ஒரு சனிக்கிழமை லைற்றை முழுக்க சார்ஜ் பண்ணி, நடு வெளிச்சத்தில் போட்டு, ஒரு மின்விசிறிக்கு முன்னால் வையுங்கள். சைக்கிள் ஓடும்போது காற்றுப் பட்டு அது குளிரும், வீட்டுக்குள் சும்மா வைத்தால் சூடேறி வேற மாதிரி நடக்கும், அதற்காகத்தான் விசிறி. எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எத்தனை மணிக்கு மங்கத் தொடங்கியது, எத்தனை மணிக்கு நின்றது, மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்தால் பற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு வெளிச்சம் காணும் என்று கேட்டால், நான் ஓடிப் பார்த்த அளவில் தார் றோட்டுக்கு 200 முதல் 300 லுமென், குண்டும் குழியுமான கிறவல் றோட்டுக்கு 400. அதற்கு மேல் நம்முடைய வேகத்துக்குத் தேவையில்லை. முன்னால் வருகிறவரின் கண்ணைத்தான் அது கூசவைக்கும். ஜேர்மனியில் சைக்கிள் லைற்றின் ஒளி மேல்பக்கம் வெட்டப்பட்டு றோட்டில் மட்டும் விழவேணும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். அப்படி வெட்டிய ஒளியில் 200 லுமென், வட்டமாகச் சிதறுகிற 600ஐ விட நல்லாக வேலை செய்யும், ஏனென்றால் மரத்துக்கும் வானத்துக்கும் அடிக்கிற வெளிச்சத்துக்கும் உங்கட பற்றரிதான் செலவாகிறது.

எனக்கு நடந்த ஒன்றையும் சொல்லவேணும். மூன்று வருசத்துக்கு முன்னம் மாங்குளத்தில் இருந்து ஒலுமடுப் பக்கம் போகையில், நல்ல பிரகாசமாக எரிந்துகொண்டிருந்த லைற் எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒரே அடியாக நின்றது. சில லைற்றுகள் அப்படித்தான், மலிவானவை போல மெல்ல மெல்ல மங்காமல் கடைசிவரை ஒரே அளவில் எரிந்துவிட்டு, பற்றரியைக் காப்பாற்ற ஒரேயடியாக வெட்டிவிடும். கண் இருட்டுக்குப் பழகமுன்னம் முன்சில்லு எதிலோ முட்டியது. றோட்டில் படுத்திருந்த கட்டாக்காலி மாடு. மாட்டுக்கு ஒன்றும் இல்லை, எனக்கு முழங்கை கிழிந்தது. இரவில் சூடு தங்குகிற தார் றோட்டில் மாடு படுப்பது நமக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அன்றிலிருந்து பையில் சின்னதாக இன்னொரு லைற் இல்லாமல் நான் இறங்குவதில்லை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள் தங்கச்சி, இரண்டாவது லைற் மலிவானதாக இருந்தாலும் பரவாயில்லை. சுவிச்சில் சிவப்பு வந்த பிறகு எத்தனை நிமிசம் எரிகிறது என்பதையும் அந்தச் சனிக்கிழமைச் சோதனையில் பார்த்து வையுங்கள்.

கேள்வி: ஐயா, காலையில் வயலுக்குப் போனால் பின்னேரம்தான் திரும்புவேன். லைற் சைக்கிளிலேயே பூட்டினபடி கிடக்கும். வாங்கிப் பத்து மாதம். முந்தி ஒருமுறை சார்ஜ் பண்ணினால் மூன்று இரவு வரும், இப்ப ஒரு இரவே இழுபறி. தினமும் ராத்திரி சார்ஜில் போட்டுத்தான் வைக்கிறேன், கவனக்குறைவு ஒன்றும் இல்லை.
*விவசாயி, முத்தையன்கட்டு*

ஐயா, நீங்கள் நல்லதென்று நினைத்துச் செய்த இரண்டு காரியம் சேர்ந்துதான் இந்தப் பற்றரியைத் தின்றிருக்கிறது. ஒன்று வெயில், மற்றது எப்போதும் முழு சார்ஜ்.

லித்தியம் பற்றரி பாவித்தாலும் தேயும், பாவிக்காமல் வைத்தாலும் தேயும். உள்ளே நடக்கிற வேதியியல் சூட்டில் வேகமாக நடக்கும், நிறைந்த நிலையில் இன்னும் வேகமாக நடக்கும். பற்றரிக்காரர்கள் வழமையாகச் சொல்கிற கணக்கு ஒன்று: முழு சார்ஜோடு 25 பாகை வெப்பத்தில் ஒரு வருசம் வைத்தால் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு போகும். அதே முழு சார்ஜோடு 40 பாகையில் வைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகும். 40 சதவீத சார்ஜில் அதே 40 பாகையில் வைத்திருந்தால் 15 சதவீதம்தான் போயிருக்கும். நம்முடைய சிறுபோகக் காலத்து மத்தியானத்தில் நிழலிலேயே 35க்கு மேல் போகிறது. கறுப்புப் பெட்டிக்குள் அடைபட்டு, வரம்போரத்தில் நேர்வெயிலில் நிற்கிற பற்றரியின் சூட்டை நான் சொல்லவா வேணும். ஒருக்கால் மத்தியானம் கழற்றிக் கையில் பிடித்துப் பாருங்கள், பிடிக்க ஏலாமல் இருக்கும்.

அதனால் வயலில் இறங்கும்போது லைற்றைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையோடு கொட்டிலுக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் வேம்பு நிழலில் துணி சுற்றி வையுங்கள். இது ஒன்றை மட்டும் செய்தாலே அடுத்த லைற் இரண்டு மடங்கு காலம் வரும் என்பது என் அனுபவம்.

தினமும் சார்ஜ் போடுகிற விசயம். "முழுக்க இறக்கிப் பிறகு முழுக்க ஏற்று" என்று முந்தி சொன்னார்களே, அது நிக்கல் கட்மியம் பற்றரிக் காலத்துப் பழக்கம். அதற்கு அப்போது காரணம் இருந்தது. லித்தியத்துக்கு அது கேடு. பாதியில் சார்ஜ் பண்ணலாம், பாதியில் எடுக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. 20இல் இருந்து 80 சதவீதத்துக்குள் ஓடினால் அதற்கு ஆகச் சுகம். உங்கட லைற்றில் சதவீதம் காட்டாது என்றால், சிவப்பு வரும்போது போட்டு, பச்சை வர முன்னம் ஒரு பத்து இருபது நிமிசத்துக்கு முதலே எடுத்துவிடுங்கள். மறுநாள் தூரப் பயணம் இருந்தால் மட்டும் நிரப்புங்கள். இரவு முழுக்கப் பச்சை எரிய எரியச் சுவரில் மாட்டி வைப்பதை விட்டுவிடுங்கள்.

சரி, இப்ப கையில் இருக்கிற லைற்றின் பற்றரி போன கொள்ளளவைத் திரும்பத் தராது. எந்தச் சார்ஜரும் எந்த வித்தையும் அதை மீட்காது. பற்றரி மாற்றக்கூடிய மாதிரி என்றால் மாற்றுங்கள், ஒட்டி மூடியது என்றால் வீட்டு முற்றத்துக்கும் கிணற்றடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது லைற்றில் யூஎஸ்பி சி வகைச் சார்ஜ் துளை. என்ட போன் சார்ஜரின் வயரைக் குத்தினால் சார்ஜ் ஏறவே இல்லை. தம்பியின் பழைய சார்ஜரில் ஏறுகிறது. போன் சார்ஜர் 33 வாட், லைற் எரிந்துபோயிருக்குமோ?
*வாசகர், முள்ளியவளை*

எரியவில்லை. இரண்டு முனையும் சி வகையாக இருக்கிற வயரில், மற்றப் பக்கத்தில் ஒரு கருவி இருக்கிறது என்று சார்ஜருக்குத் தெரிந்தால்தான் அது கரண்ட் விடும். அதைத் தெரியப்படுத்த லைற்றுக்குள் இரண்டு சின்ன ரெசிஸ்டர் வேணும், ஒவ்வொன்றும் 5.1 கிலோ ஓம். சதக்கணக்கில் மிச்சம் பிடிக்க மலிவான லைற் செய்கிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். தம்பியின் சார்ஜரில் பழைய அகலத் துளை இருக்கும், அது கேள்வி கேட்காமல் 5 வோல்ட் விடும், அதனால் ஏறுகிறது. அகலமுனையில் இருந்து சி முனைக்குப் போகிற வயர் ஒன்றை லைற்றுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். 33 வாட் என்பதும் பயப்படுகிற விசயம் இல்லை, ஒழுங்கான சார்ஜர் மற்றப் பக்கத்தில் இருக்கிற கருவி கேட்டால்தான் 5 வோல்ட்டுக்கு மேல் விடும், லைற் தனக்கு வேண்டிய கரண்டை மட்டும்தான் இழுக்கும்.

கேள்வி: கரையோரம் வீடு. விடிய மூன்றரைக்கு வாடிக்குப் போகவேணும். மாரியில் இரண்டு லைற் போய்விட்டது. இரண்டிலும் "வோட்டர்புரூப்" என்று எழுதியிருந்தது.
*மீன்பிடிக்கிறவர், முல்லைத்தீவு*

அண்ணை, அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லை. அதற்குப் பக்கத்தில் ஐபி என்று தொடங்குகிற எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபிஎக்ஸ் 4 என்றால் எந்தப் பக்கத்தால் தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். 6 என்றால் பலமாகப் பீச்சி அடித்தாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் உள்ளே போகாது. ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றோடு பக்கவாட்டில் அடிக்கிற மழைக்கு 4 மட்டுமட்டு, 6 இருந்தால் நிம்மதி. எண்ணே இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாம் நல்ல தண்ணீரில், புதுச் சாமானில் செய்வது. உங்கட பகை உப்பு. சார்ஜ் துளையை மூடுகிற அந்தச் சின்ன றப்பர் மூடிதான் முழு லைற்றின் உயிர். ஆறு மாதத்தில் அது இளகும், கையோடு கழன்றும் வரும், பிறகு எண் 7 என்று இருந்தாலும் ஒன்றுதான். உப்புக்காற்று உள்ளே போனால் செப்புத் தகட்டில் பச்சைக் களிம்பு ஏறும், அதன்பிறகு ஒருநாள் ஏறும் ஒருநாள் ஏறாது. வீட்டுக்கு வந்ததும் லைற்றின் வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, மூடியைத் திறந்து காற்றுப் பட வையுங்கள். களிம்பு கண்டால் பழைய பல்லு பிரசைப் பார்மசியில் வாங்குகிற ஸ்பிரிட்டில் தொட்டு மெல்லத் தேய்த்து, வடிவாகக் காயவிடுங்கள்.

ஈரம் இருக்கும்போது சார்ஜில் மட்டும் போடவேண்டாம். மழையில் செத்ததாகச் சொல்கிற லைற்றுகளில் பல மழையில் சாகவில்லை, வீட்டுக்கு வந்து ஈரத்தோடு வயரைக் குத்தும்போதுதான் செத்தது. போன மாரியில் என்னுடையது போனதும் அப்படித்தான். மழையில் அது நின்றதுக்குக் காரணம் சுவிச்சுக்குள் புகுந்த தண்ணீர், ஒரு நாள் காயவிட்டிருந்தால் பிழைத்திருக்கும். நான் அவசரப்பட்டு சார்ஜில் போட்டேன்.

இரண்டு லைற் போன இடத்தில் மூன்றாவதாக வாங்கும்போது, சார்ஜ் துளை கீழ்ப்பக்கம் பார்த்தபடி இருக்கிற மாதிரியைத் தேடுங்கள். மேலே அல்லது முன்னால் துளை இருந்தால் தண்ணீர் அங்கேயே தங்கும்.

கேள்வி: இவ்வளவு கரைச்சல் எதற்கு? எங்கட காலத்தில் டைனமோ இருந்தது. சார்ஜும் இல்லை, பற்றரியும் இல்லை. 90களில் அந்த டைனமோ இல்லாவிட்டால் நாங்கள் உலகத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் இருந்திருப்போம். இப்பத்தைய பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள்.
*ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுக்குடியிருப்பு*

ஐயா, உங்கட கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பொருளாதாரத் தடைக்குள் பற்றரியும் தடைசெய்த சாமானாக இருந்த காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வருகிற கரண்டில் றேடியோவைப் போட்டுச் செய்தி கேட்டதை என் மாமா வீட்டு முற்றத்தில் பார்த்திருக்கிறேன். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி குழையும், சுற்றி இருக்கிறவர்கள் "சுத்து, சுத்து" என்பார்கள். பக்கத்தில் ஜாம்போத்தல் விளக்கு, அடியில் பஞ்சு போட்டு அது குடிக்கிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் ஒரு தலைமுறை பரீட்சை எழுதியது. ஒரு துளி கரண்டின் மதிப்பு என்ன என்று அந்தத் தலைமுறைக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

டைனமோவைப் பற்றி நீங்கள் சொல்வது பெரும்பகுதி சரி. டயரில் உரசுகிற போத்தல் டைனமோ 6 வோல்ட்டில் 3 வாட் தருவது. முன்னுக்கு 2.4 வாட், பின்னுக்கு 0.6 வாட். பழைய இழை பல்ப்புக்கு அது மஞ்சள் வெளிச்சமாகத்தான் வந்தது, மெல்லப் போனால் மங்கும், வேகமாக மிதித்தால் பல்ப் சுட்டுப்போகும். அதே 2.4 வாட்டில் இன்றைக்கு நல்ல எல்ஈடி ஒன்றைப் பூட்டினால் 200 லுமென் வரும், முதல் கேள்வியில் அந்தப் பிள்ளைக்குச் சொன்ன அளவு அதுதான். ஆக டைனமோ தோற்கவில்லை, அதன் பல்ப்தான் தோற்றது. நின்றால் அணைகிற குறைக்கும் இப்ப வழி இருக்கிறது, லைற்றுக்குள் கரண்டைக் கொஞ்சம் பிடித்து வைக்கிற ஒரு பெரிய கப்பாசிற்றர் வைத்து, சைக்கிள் நின்ற பிறகும் சில நிமிசம் எரிய விடுகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. போத்தல் டைனமோ காலைப் பிடித்து இழுக்கும், மழையில் டயரில் வழுக்கி வேலை செய்யாது, கிறவல் மண் ஒட்டினால் இன்னும் மோசம். இதற்கெல்லாம் முடிவு சில்லின் நடுக் கும்பத்துக்குள்ளேயே இருக்கிற ஹப் டைனமோ. உரசல் இல்லை, மழை ஒன்றும் செய்யாது. ஆனால் விலை ஒரு சைக்கிளின் விலையளவுக்குப் போகும், நம்மூர்க் கடைகளில் நான் இன்னும் கண்டதும் இல்லை.

என் அபிப்பிராயம் இது: தினமும் ஒரே இருட்டு றோட்டில் போய்வருகிறவர், பழைய லுமாலா சைக்கிளில் நல்ல டைனமோ இருந்தால் அதைக் கழற்றி எறியாமல், டைனமோவுக்கென்று செய்த எல்ஈடி லைற்றைப் பூட்டுங்கள். சார்ஜ் லைற்றைப் பையில் துணைக்கு வைத்திருங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, பெற்றோலும் இல்லாமல் எல்லாரும் சைக்கிளைத் தூசு தட்டி எடுத்த அந்த நாட்களில் போனுக்கா லைற்றுக்கா சார்ஜ் என்று வீட்டுக்கு வீடு சண்டை. டைனமோ வைத்திருந்தவருக்கு அந்தச் சண்டை இல்லை.

கேள்வி: பற்றரி மாற்றக்கூடிய லைற் வாங்கினேன். கடையில் 9900 மில்லி அம்பியர் என்று எழுதின பற்றரி இரண்டு தந்தார்கள். பழைய 2200ஐ விட அது சீக்கிரம் இறங்குகிறது. அதோடு பழைய ஒரு லைற்றின் பற்றரி ஊதிக் கிடக்கிறது, என்ன செய்ய?
*வாசகர், நெடுங்கேணி*

அந்த நீளமான பற்றரியின் பெயர் 18650. 18 மில்லி மீற்றர் விட்டம், 65 மில்லி மீற்றர் நீளம், பெயரே அதன் அளவு. அந்த அளவுக்குள் நல்ல கம்பனிகள் வழமையாக அடைக்கிற ஆகக்கூடியது 3500, 3600 அளவில். 9900 என்று எழுதியிருந்தால் எழுதினவர் பொய் எழுதியிருக்கிறார், வேற விளக்கம் தேடவேண்டாம். பலசரக்குக் கடை மின்தராசில் வைத்துப் பாருங்கள். நல்லது 45 முதல் 50 கிராம் இருக்கும். 30, 35 என்று காட்டினால் உள்ளே சின்னப் பற்றரியோ வெறும் இடமோதான். 2200, 2600, 3000 என்று அடக்கமாக எழுதின, பாதுகாப்புச் சுற்று உள்ள பற்றரியை வாங்குங்கள்.

பற்றரி மாற்றக்கூடிய லைற்றை வாங்கியது நல்ல முடிவு, அதில் கவலைப்படாதீர்கள். எல்ஈடி பல வருசம் உழைக்கும். பற்றரி 300, 500 தடவை சார்ஜ் ஆனதும் தளரும். ஒட்டி மூடின லைற்றில் பற்றரியோடு எல்லாத்தையும் எறியவேண்டியிருக்கிறது, அது எனக்கு ஒருபோதும் பொறுப்பதில்லை.

ஊதின பற்றரியைச் சார்ஜ் பண்ணவும் வேண்டாம், ஊசியால் குத்திக் காற்று எடுக்கவும் வேண்டாம், அது காற்றில்லை, தீப்பற்றக்கூடிய வாயு. முனைகளில் ரேப் ஒட்டி, மணல் போட்ட தகரப் பேணிக்குள் வைத்து, வீட்டுக்கு வெளியே பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பழைய மின்சாமான் எடுக்கிற இடத்தில் கொடுக்கும் வரை அங்கேயே இருக்கட்டும். குப்பையோடு எரிக்கவே கூடாது. இதைச் சொல்லும்போதே மற்றவர்களுக்கும் ஒன்று: நுளம்புவலைக்குள் படுக்கையில் வைத்து இரவிரவாகச் சார்ஜ் போடுகிற பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். சீமெந்து நிலத்தில், கண்ணுக்கு முன்னால் போடுங்கள்.

கேள்வி: ஜேர்மனியில் இருந்து அண்ணா விலைகூடின லைற் அனுப்பினார். மகன் பெரிய வகுப்புக்குப் போகட்டும் என்று அலுமாரியில் பூட்டி வைத்தேன். ஒன்றரை வருசம் கழித்து எடுத்தால் உயிரே இல்லை.
*வாசகி, பூநகரி*

அக்கா, அலுமாரிக்குள்ளும் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும், உள்ளே இருக்கிற சுற்றும் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். அளவுக்குக் கீழே இறங்கினால் பாதுகாப்புச் சுற்று கதவை மூடிவிடும். நல்ல 5 வோல்ட் சார்ஜரில், பக்கத்தில் இருந்து பார்த்தபடி, ஒரு மணித்தியாலம் போடுங்கள். சில லைற் அந்த நேரத்துக்குள் விழித்துக்கொள்ளும். சூடேறினால் உடனே எடுங்கள், பிறகு முயற்சிக்க வேண்டாம். விழித்தால் மகனிடம் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். இனி எதையாவது எடுத்து வைப்பதென்றால் பாதி சார்ஜில் வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு நாங்கள் ஆறு பேர் கிளிநொச்சியில் இருந்து சைக்கிளில் போக இருக்கிறோம், இரவு ஓட்டம். பின்லைற் மின்னவேணுமா, நிலையாக எரியவேணுமா? ஒரு சார்ஜ் காணுமா?
*வாசகர், திருநகர்*

தம்பி, ஆறு பேரும் மின்னவிட்டால் பின்னால் வருகிற பஸ் சாரதிக்கு நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்றே பிடிபடாது, உங்களுக்குள்ளேயும் பின்னால் வருகிறவர் கண் நொந்து போவார். கடைசியாக வருகிறவர் மட்டும் மின்னவிடட்டும், மற்றவர்கள் நிலையான சிவப்பு. லைற் எப்படி இருந்தாலும் எல்லாச் சைக்கிளிலும் சிவப்பு றிப்ளெக்டர் இருக்கட்டும், அதற்குப் பற்றரி தேவையில்லை. முன்லைற்றில் முதல் இருவர் மட்டும் கூட்டி வைத்து, பின்னால் வருகிறவர்கள் ஆகக்குறைந்த அளவில் வந்தால் காணும், இடம் மாறி மாறி ஓடினால் ஆறு பற்றரியும் விடியும்வரை வரும். காட்டுப் பக்கத்தில் யானை றோட்டில் நின்றால் லைற்றை அதன் முகத்துக்கு அடிக்காமல், தூரத்திலேயே நின்று, வாகனம் ஏதும் வரும் வரை பொறுங்கள்.

ஒரு சார்ஜ் பற்றி: 10,000 மில்லி அம்பியர் பவர்பாங்க் ஒன்று, இழப்பெல்லாம் போக, 2000 மில்லி அம்பியர் லைற் ஒன்றை மூன்று தடவை நிரப்பும். ஆனால் சில லைற் சார்ஜ் ஏறும்போது எரியாது. அதை வீட்டிலேயே குத்திப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள், எரியாத லைற் என்றால் தேத்தண்ணிக்கு நிற்கிற இடங்களில்தான் சார்ஜ் போடவேணும். வயர் அகலமுனை உள்ளதாக இருக்கட்டும், முள்ளியவளை வாசகருக்குச் சொன்ன அதே காரணம்தான்.